எச்சரிக்கையும் மௌனமும்: ‘சி’ மொழிச் செய்நிரல்களின் திருத்தம் பற்றிய ஒரு விமரிசன நோக்கு

1

செய்நிரல் என்னும் எழுத்தை விமரிசனத்தின் எல்லைக்குள் கொண்டுவருவது சிலருக்கு வியப்பளிக்கலாம். ஆயினும் அது மனிதரால் எழுதப்படுவது; மனிதரால் வாசிக்கப்படுவது; ஒருவர் எழுதியதைப் பல்லாண்டு கழித்து, அவரை அறியாத வேறொருவர் திருத்தும் நிலைக்கு உள்ளாவது. எழுதியவர் கருதிய பொருளும் எழுத்து உணர்த்தும் பொருளும் வேறுபடும் சந்தர்ப்பங்கள் அதனுள்ளும் நிறைய உண்டு. பாடம், பாடபேதம், உரை, இடைச்செருகல் ஆகியவற்றோடு பழகியவர்களுக்கு இவை புதியன அல்ல. எனவே மூலநிரலொன்றைத் திருத்தும் தொழிலை நாம் ஒருவகை வாசிப்பாகக் கொண்டு ஆராய்தல் பொருந்தும்.

இக்கட்டுரை எடுத்துக்கொள்ளும் பொருள் குறுகியது. ‘சி’ மொழியில் எழுதப்பட்ட கட்டளை வரிச் செய்நிரலொன்றைத் தொகுப்பானிடம் ஒப்படைக்கும்போது, அது இயங்கத்தக்க வடிவமொன்றைத் தருவதுடன் சில எச்சரிக்கைகளையும் வரிசையாக வெளியிடுகின்றது. இவை பிழைகள் அல்ல. மொழியின் விதி மீறப்படும்போது பிழை அறிவிக்கப்படும். விதி மீறப்படாதவிடத்தும் எழுதியவர் கருதியது இதுதானா என ஐயுறுவதற்குக் காரணம் இருப்பின் எச்சரிக்கை எழும். அதாவது எச்சரிக்கை ஒரு வினா. அவ்வினாவுக்கு விடையளிப்பதும் வினாவையே எழாது செய்வதும் ஒன்றல்ல. வெளித்தோற்றத்தில் இரண்டும் ஒரே விளைவைத் தருகின்றன, திரை வெறுமையாகின்றது. இவ்வெறுமைக்குள் மறைந்துகிடக்கும் வேறுபாட்டை வெளிக்கொணர்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

2

எச்சரிக்கை என்னும் இந்நிறுவனம் தோன்றிய சமூகச் சூழலை முதலில் நோக்குதல் வேண்டும். ‘சி’ மொழி 1969க்கும் 1973க்கும் இடையில் ஐக்கிய அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்தில் டெனிஸ் றிச்சியால் உருவாக்கப்பட்டது. அதற்கு முன்னோடியாயிருந்த ‘பி’ மொழியில் வகை வேறுபாடு என்பதே இல்லை. எண்ணாயினும் முகவரியாயினும் எல்லாம் யந்திரத்தின் ஒரு சொல்லளவு கொண்ட பெறுமானங்களே. ‘சி’ வகைகளைக் கொண்டுவந்தது. எனினும் பழைய பழக்கத்தின் எச்சங்களையும் தன்னுள் வைத்துக்கொண்டது. வகை குறிப்பிடப்படாதவிடத்து நிறைவெண் என்று கொள்வதும், முன்னர் அறிவிக்கப்படாத சார்பு நிறைவெண்ணையே தரும் என்று ஊகிப்பதும் அத்தகைய எச்சங்களாகும்.

இம்மொழி செய்நிரலாளரை நம்பியது. அந்நம்பிக்கைக்குப் பௌதிக அடிப்படை ஒன்றிருந்தது. எழுதியோரும் பயன்படுத்தியோரும் திருத்தியோரும் ஒரே கூடத்தில் அமர்ந்திருந்த சிறு குழுவினர். அவர்கள் கையாண்ட யந்திரங்களும் மிகச் சில. எழுத்தில் சொல்லப்படாதது பேச்சில் சொல்லப்பட்டது. ஆனால் 1970களின் பிற்பகுதியில் யுனிக்ஸ் முறைமையை வேறு கட்டமைப்புக் கொண்ட யந்திரங்களுக்கு எடுத்துச்செல்லும் முயற்சி தொடங்கியபோது, சொல்லாமல் விடப்பட்டவையெல்லாம் தடைகளாயின. ஒரு யந்திரத்தில் முகவரியும் நிறைவெண்ணும் ஒரே அளவினவாக இருந்தமை தற்செயலானது என்பது மற்றொரு யந்திரத்திலேயே தெரியவந்தது. இச்சூழலிலேதான் ஸ்ரீபன் ஜோன்சன் தமது தொகுப்பானை மாற்றியமைத்து ‘லின்ற்’ என்னும் செய்நிரலை ஆக்கினார். 1979இல் வெளிவந்த யுனிக்ஸ் ஏழாம் பதிப்பில் அது இடம்பெற்றது. ஆடையில் ஒட்டிக்கொள்ளும் நூற்துகளைக் குறிக்கும் சொல் அதற்குப் பெயராயிற்று.

இங்கு மனங்கொள்ளத்தக்கது யாதெனில், ‘லின்ற்’ தொகுப்பானிலிருந்து வேறாக வைக்கப்பட்டமையாகும். தொகுப்பானின் வேலை விரைவாக யந்திர நிரலைத் தருவது. ஆற அமர ஐயுறுவது வேறொன்றின் வேலை. உற்பத்தி ஒருபுறம், விமரிசனம் மறுபுறம் என்ற தொழிற்பிரிவினை இது. 1987இல் றிச்சட் ஸ்ரோல்மன் வெளியிட்ட குனூ தொகுப்பான் முதலியவற்றின் வளர்ச்சியோடு இவ்விரு வேலைகளும் படிப்படியாக ஒன்றிணைந்தன. இன்று தொகுப்பானே ‘டபிள்யூ–ஓல்’, ‘டபிள்யூ–எக்ஸ்ற்றா’ எனும் தெரிவுகளின் கீழ் எச்சரிக்கின்றது. முதலாவதன் பெயர் ‘எல்லாம்’ என்று பொருள்படினும் அது எல்லா எச்சரிக்கைகளையும் உள்ளடக்குவதில்லை. எவற்றை வினவுவது, எவற்றை வினவாது விடுவது என்பது வரலாற்றில் செய்யப்பட்ட ஒரு தெரிவே.

இத்தெரிவு மாறுவதும் உண்டு. அறிவிக்கப்படாத சார்பை அழைக்கும் வழக்கம் 1999ஆம் ஆண்டு நியமத்திலேயே நீக்கப்பட்டுவிட்டது. எனினும் குனூ தொகுப்பான் அதனை நெடுங்காலம் எச்சரிக்கையோடு அனுமதித்தே வந்தது. 2024இல் வெளியான அதன் 14ஆம் பதிப்பிலேயே அது இயல்நிலையில் பிழையாக்கப்பட்டது. நியமம் மாறிய பின்னும் கால் நூற்றாண்டு பழைய எழுத்து உயிர்வாழ்ந்தது. உற்பத்திச் சாதனங்கள் மாறிய அளவுக்கு உற்பத்திப் பழக்கங்கள் விரைந்து மாறுவதில்லை என்பதற்கு இதனிலும் தெளிவான சான்று வேண்டியதில்லை.

3

இனி எச்சரிக்கைகளைத் ‘துப்புரவாக்கும்’ முறைகளைச் சில உதாரணங்களைக் கொண்டு நோக்குவோம்.

கட்டளை வரிச் செய்நிரலின் முதன்மைச் சார்பு இரண்டு பொருள்களைப் பெறுகின்றது. பயன்படுத்துபவர் தட்டெழுதிய சொற்கள் எத்தனை என்ற எண்ணிக்கை ஒன்று. அச்சொற்களின் வரிசை மற்றொன்று. எண்ணிக்கையைப் பயன்படுத்தாமலே வரிசையின் முதற்சொல்லை எடுத்துக் கோப்பின் பெயராகக் கொள்ளும் செய்நிரல்கள் பல. தொகுப்பான் ‘இவ்வெண்ணிக்கை பயன்படுத்தப்படவில்லை’ என்கின்றது. இதனை அடக்குவதற்கு மிக எளிய வழி, அந்த மாறியின் பெயரை வெறும் வெற்றுவகைக்கு மாற்றி ஒரு வரி எழுதிவிடுவதாகும். எச்சரிக்கை மறைந்துவிடும். ஆனால் வினா யாது? பயன்படுத்துபவர் ஒன்றுமே தட்டெழுதாவிடின் என்ன நிகழும் என்று நீ கேட்டாயா என்பதே வினா. கேட்கப்படவில்லை, ஆதலால் செய்நிரல் இல்லாத சொல்லைப் படிக்க முயன்று வீழ்கின்றது. சரியான விடை, எண்ணிக்கையைச் சோதித்து, பயன்படுத்தும் முறையைப் பயன்படுத்துபவருக்கு எடுத்துரைப்பதாகும். ‘பயனற்ற மாறி’ என்ற சிறு குறிப்பினுள் பயன்படுத்துபவர் என்னும் மனிதர் மறைந்து நின்றார் என்பதைக் காண்க.

இரண்டாவது உதாரணம் மேலே குறிப்பிட்ட அறிவிக்கப்படாத சார்பு பற்றியது. வேறொரு கோப்பில் உள்ள சார்பு ஒரு முகவரியைத் திருப்பித் தருகின்றது எனக் கொள்வோம். அதன் அறிவிப்பைச் சேர்க்க மறந்தவிடத்துப் பழைய தொகுப்பான் அது நிறைவெண்ணையே தருகின்றது என ஊகித்து, ‘நிறைவெண் வகைமாற்றமின்றி முகவரியாக்கப்படுகின்றது’ என எச்சரிக்கும். எச்சரிக்கையின் சொற்களையே மருந்துச் சீட்டாகக் கொண்டவர் வகைமாற்றம் ஒன்றை இடையிற் செருகினார். 32 பிற்று யந்திரங்களில் முகவரியும் நிறைவெண்ணும் ஒரே அளவின. எனவே செய்நிரல் தீங்கின்றி இயங்கியது. 64 பிற்று யந்திரங்கள் பரவியபோது முகவரியின் மேற்பாதி வெட்டுண்டு போயிற்று. வேண்டியிருந்தது வகைமாற்றம் அன்று. அறிவிப்பைத் தாங்கிய தலைப்புக் கோப்பொன்றே.

குறியுள்ள நிறைவெண்ணைக் குறியற்ற நிறைவெண்ணோடு ஒப்பிடும்போது எழும் எச்சரிக்கையும் இத்தகையதே. தோல்வியைக் குறிக்க −1ஐத் தரும் சார்பின் விடையை ஒரு சொற்றொடரின் நீளத்தோடு ஒப்பிட்டால், 64 பிற்று யந்திரத்தில் அந்த −1 ஆனது 18446744073709551615 என்னும் பேரெண்ணாகக் கொள்ளப்படும். தோல்வி மாபெரும் வெற்றியாகத் தோற்றம் பெறுகின்றது. ஏதேனும் ஒருபக்கத்தில் வகைமாற்றம் இட்டால் எச்சரிக்கை அடங்கும். தோல்வியை முதலிற் சோதித்தபின் ஒப்பிட்டாலே பொருள் நேராகும்.

இம்மூன்றிலும் பொதுவாயமைந்த பண்பு தெளிவு. வகைமாற்றம் என்பது செய்நிரலாளர் தொகுப்பானுக்குக் கொடுக்கும் வாக்குறுதி. ‘நான் அறிவேன், நீ பேசாதிரு’ என்பதே அதன் பொருள். உண்மையில் அறிந்தவர் கொடுக்கும் வாக்குறுதியும் அறியாதவர் கொடுப்பதும் எழுத்தில் ஒரேவிதமாகவே காணப்படும். ஆகவேதான் அவ்வாறு எழுதியவர் காரணத்தை ஒரு வரியிலாவது குறித்துவைத்தல் அறமாகின்றது; பின்வரும் வாசகருக்குச் செலுத்தவேண்டிய கடன் அது.

4

எச்சரிக்கை சமூக உள்ளடக்கம் உடையது என்பதற்குத் தமிழோடு நேரே தொடர்புடைய சான்றொன்று உண்டு. ‘சி’ மொழியில் வரியுருவைக் குறிக்கும் வகை எட்டுப் பிற்று அளவினது. அது குறியுள்ளதா குறியற்றதா என்பதை நியமம் வரையறுக்கவில்லை. இன்ரெல் வழிவந்த யந்திரங்களில் பொதுவாகக் குறியுள்ளது, ஆம் யந்திரங்களின் லினக்ஸ் முறைமையில் குறியற்றது. ஆங்கில எழுத்துகள் யாவும் 127க்கு உட்பட்ட எண்களாற் குறிக்கப்படுதலின், ஆங்கிலம் மட்டுமே எழுதுவோருக்கு இவ்வேறுபாடு புலப்படுவதேயில்லை. 1963இல் முதன்முதல் வெளியான ‘அஸ்கி’ நியமத்தின் உலகம் அது.

தமிழெழுத்துகள் இன்று ‘யுரிஎப்–8’ முறையில் ஒவ்வொரு குறியீட்டுக்கும் மூன்று பைற்றுகளாக எழுதப்படுகின்றன. அகரத்தின் மூன்று பைற்றுகள் 224, 174, 133 என்பன. குறியுள்ள வரியுரு வகையில் இவை −32, −82, −123 ஆகின்றன. ஒரு வரியுரு எழுத்தா, வெளியா என்று சோதிக்கும் நியமச் சார்புகளோ எதிர்மறை எண்களை ஏற்பதற்கு ஆக்கப்பட்டவை அல்ல. கோப்பு முடிவைக் குறிக்கும் ஓர் எண் மட்டுமே விலக்கு. அட்டவணையொன்றை வைத்து இயங்கும் நூலகத்தில், எதிர்மறை எண் அட்டவணைக்கு முன்னாலுள்ள இடத்தைப் படிக்கச் செய்யும். ‘வரியுரு வகை சுட்டெண்ணாகப் பயன்படுத்தப்படுகின்றது’ என்ற எச்சரிக்கை இவ்வாபத்தையே குறிக்கின்றது. ஆங்கிலச் செய்நிரலாளருக்கு இது அற்பமான நச்சரிப்பு; தமிழ்க் கோப்பொன்றை உள்ளிடுபவருக்குச் செய்நிரல் நிற்பதா வீழ்வதா என்ற பிரச்சினை.

இதற்குச் சொல்லப்படும் பரிகாரம் குறியற்ற வரியுரு வகைக்கு மாற்றிய பின் சோதிப்பதாகும். அது சரியானதே. எச்சரிக்கையும் ஓயும், வரையறுக்கப்படாத நடத்தையும் நீங்கும். ஆனால் அத்துடன் வேலை முடிந்ததா? 224 என்ற பைற்று எழுத்தாகுமா என்று இயல்நிலைச் சூழலிற் கேட்டால் ‘அன்று’ என்பதே விடை. சொற்களை எண்ணும் செய்நிரல் இப்போது வீழாமல், ஒழுங்காக, எச்சரிக்கையின்றி, தமிழில் எழுத்தே இல்லை என்று கூறும். பைற்று நிலையிலிருந்து குறியீட்டு நிலைக்குச் சென்றாலும் சிக்கல் தீர்வதில்லை. ‘கி’ என்பது நமது இலக்கண மரபில் ஓர் உயிர்மெய்யெழுத்து. யுனிக்கோட்டில் இரண்டு குறியீடுகள். கோப்பில் ஆறு பைற்றுகள். எழுத்து என்பது யாது என்ற கேள்விக்குத் தொல்காப்பியம் தொட்டு நம்மிடையே விடைகள் உண்டு. ‘சி’ மொழியின் வரியுரு வகைக்கு அக்கேள்வியே தெரியாது. எச்சரிக்கை நம்மை இக்கேள்வியின் வாயில்வரை கொண்டுவந்து விடுகின்றது. வாயிலிலேயே திரும்பிவிடுபவர் எச்சரிக்கையைத் தீர்த்தவராவார்; பிரச்சினையைத் தீர்த்தவராகார்.

5

வினாவை அடக்கும் செயல் எத்துணைப் பெரிய விளைவைத் தரும் என்பதற்கு வரலாற்றில் பதிவான நிகழ்ச்சி ஒன்றைக் காட்டலாம். ‘ஓப்பின் எஸ்எஸ்எல்’ என்பது ‘சி’ மொழியில் எழுதப்பட்ட மறைகுறியாக்க நூலகம். அதே பெயரில் கட்டளை வரிச் செய்நிரலும் அதனோடு வருகின்றது. 2006இல் டெபியன் விநியோகத்தினுள் அந்நூலகத்தின் எழுந்தமான எண்ணாக்கப் பகுதியில் இரண்டு வரிகள் நீக்கப்பட்டன. தொடக்கப் பெறுமானம் இடப்படாத நினைவகம் வாசிக்கப்படுகின்றது என ‘வல்கிறைன்ட்’ என்னும் சோதனைக் கருவி எச்சரித்தமையே காரணம். இது தொகுப்பானின் எச்சரிக்கை அன்று, இயக்கநேரத்து எச்சரிக்கை. எனினும் பிரச்சினையின் இயல்பு ஒன்றே.

நீக்கப்பட்ட இரு வரிகளும் எழுத்துக்கு எழுத்து ஒரே வடிவின. இடமே வேறு. ஒன்று, எண்களை வெளியே கொடுக்கும் சார்பினுள் இருந்தது. அழைத்தவரின் வெறும் நினைவகத்தையும் கலவையிற் சேர்த்துக்கொள்வதே அதன் வேலை. அதனை நீக்குவதால் பெருந்தீங்கு இல்லை. சோதனைக் கருவிகள் குறைகூறும் என அறிந்து, தேவையாயின் அவ்வரியை விலக்கிவைக்கும் ஏற்பாட்டையும் மூலநூலகத்தார் முன்னரே செய்திருந்தனர். மற்றது, எண்ணாக்கத்துக்கு வேண்டிய விதைகளை உள்ளே சேர்க்கும் சார்பினுள் இருந்தது. அது நீங்கியதும் சேர்க்கப்பட்ட எழுந்தமானம் எதுவும் கலவையைச் சென்றடையவில்லை. எஞ்சி வேறுபாட்டைத் தந்தது செயன்முறையின் இலக்கம் ஒன்றே. லினக்ஸில் வழக்கமாக அது 32,768க்கு உட்பட்டது. இவ்வாறு திறப்பு ஒன்றைக் கண்டுபிடிப்பது, ஒவ்வொரு வகைக்கும் அளவுக்கும், சில பல்லாயிரம் திறப்புகளை முயன்றுபார்க்கும் வேலையாகச் சுருங்கியது. 2006 செப்ரெம்பரில் வெளியிடப்பட்ட பொதியிலிருந்த இக்குறை 2008 மே 13ஆந் திகதியே பகிரங்கமாயிற்று. இடைப்பட்ட காலத்தில் டெபியனிலும் அதன்வழி வந்த உபுண்டுவிலும் ஆக்கப்பட்ட திறப்புகள் யாவும் ஐயத்துக்குரியனவாகி, புதிதாக ஆக்கப்படவேண்டியனவாயின.

இலக்கிய மாணவர் இந்நிகழ்ச்சியில் அறியவேண்டிய பாடம் ஒன்றுண்டு. ஒரே தொடர் இரண்டிடங்களில் வருமாயின் அது ஒரே பொருளைத் தருகின்றது என்று கொள்ளும் வாசிப்பு, தொடரை அதன் உறவுகளிலிருந்து பிரித்தெடுக்கும் வாசிப்பாகும். பொருள் தொடரில் மட்டும் இல்லை. தொடர் நிற்கும் சூழலிலும், அது முழுமையில் வகிக்கும் பங்கிலும் உள்ளது. ஈழத்து விமரிசன உலகில் உருவமா உள்ளடக்கமா என நீண்டு நிகழ்ந்த விவாதத்தின் சாரமும் இதுவே. சிறந்த பதிப்பாசிரியர் ஏட்டில் விளங்காத பாடத்தைக் கண்டவிடத்து அதனை வெட்டிவிடுவதில்லை. பிற ஏடுகளோடு ஒப்புநோக்குவார், உரையை நாடுவார், தெளியாதவிடத்துத் தெளியவில்லை என்று குறித்துவிட்டு அப்படியே பதிப்பிப்பார்.

ஆயினும் இதனைத் தனிமனிதர் ஒருவரின் தவறாகக் காட்டி அமைதிகாண்பது எமக்கு உடன்பாடன்று. வரிகளை நீக்குமுன் நூலகத்தாரின் கலந்துரையாடல் வட்டத்தில் கேள்வி கேட்கப்பட்டது. சாதகமான பதிலும் கிடைத்தது. கேட்டவரும் பதிலளித்தவரும் முழுச் சூழலையும் ஒருங்கே காணும் நிலையில் இருக்கவில்லை. உலகின் வங்கிகளும் வாணிகமும் சார்ந்திருந்த எழுத்தொன்றைப் பேணும் பணி, பெரும்பாலும் ஊதியமற்ற, விரல்விட்டு எண்ணத்தக்க சிலரின் ஓய்வுநேரத்தில் நடைபெற்றது. 2014 ஏப்ரிலில் அதே நூலகத்தில் ‘ஹாட்பிளீட்’ என்னும் பெருங்குறை வெளிப்பட்ட பின்னரே பெருநிறுவனங்கள் ஒன்றுசேர்ந்து நிதியுதவ முன்வந்தன. இலாபம் தனியுடைமை, பேணுதல் பொதுமையின் தலையில். எச்சரிக்கைகளை வாசிப்பதற்கு நேரம் வேண்டும், நேரம் என்பது உழைப்பு. அதற்கு விலைகொடுக்க மறுக்கும் உறவுமுறைக்குள் வினாக்கள் விடைபெறாமல் வாயடைக்கப்படுவது தற்செயல் அன்று.

6

எச்சரிக்கைகள் குறித்து இருவேறு எதிர்நிலைகள் நிலவுகின்றன. செய்நிரல் இயங்குகின்றதே, பின்னர் ஏன் இந்நச்சரிப்பு என்பது ஒன்று. இதனை அனுபவவாதம் எனலாம். 32 பிற்று யந்திரத்தில் இயங்கிய முகவரியின் கதை இதற்குப் போதிய மறுப்பு. எச்சரிக்கை ஒன்றேனும் இருத்தலாகாது என்பது மற்றது. எச்சரிக்கையையே பிழையாகக் கருதித் தொகுப்பை நிறுத்தும் தெரிவும் தொகுப்பான்களில் உண்டு. இது ஒழுக்கத்தை வளர்க்கின்றது என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால் தொகுப்பானின் புதிய பதிப்பு ஒவ்வொன்றும் புதிய வினாக்களோடு வருதலின், நேற்றுவரை தொகுக்கப்பட்ட பழைய எழுத்து இன்று நின்றுபோகின்றது. அவசரத்தில் இடப்படும் வகைமாற்றங்கள் அதனைத் தொடர்கின்றன. சோதனைக் கருவிகளைச் சாந்தப்படுத்துவதற்காக மட்டும் எழுத்தை அலங்கோலமாக்க வேண்டாம் என்று குனூ திட்டத்தின் எழுத்துநெறிக் கையேடு அறிவுறுத்துவது இவ்வகையில் நியாயமே. அதே வேளை அவ்வறிவுரை சோம்பலுக்கு அரணாவதும் கூடாது.

‘பூச்சியம் எச்சரிக்கை’ என்ற எண், முகாமைக்கு மிக உவப்பானது. எண்ணப்படத்தக்கது, அறிக்கையிற் காட்டத்தக்கது. மனிதர்க்கிடையிலான உறவு பொருள்களுக்கிடையிலான உறவாகத் தோற்றுவதை மார்க்ஸ் பண்டமாயை என்றார். எழுதியவருக்கும் திருத்துபவருக்கும் பயன்படுத்துபவருக்கும் இடையே நடக்கவேண்டிய உரையாடல், ஓர் எண்ணாக உறைந்து நிற்பதும் அவ்வகையினதே. அந்த எண் பூச்சியமாக இருத்தல் நலமின் சான்றும் அன்று. ‘பிகெஎக்செக்’ என்னும் கட்டளை வரிச் செய்நிரல், தன்னிடம் தரப்படும் சொற்களின் எண்ணிக்கை ஒன்றுக்குக் குறையாது என்று ஊகித்து எழுதப்பட்டது. வெற்று வரிசையோடு அழைத்தவர் முறைமையின் முழு அதிகாரத்தையும் கைப்பற்றக்கூடியதாயிருந்த அக்குறை, 2009ஆம் ஆண்டின் முதற் பதிப்பிலிருந்து 2022 ஜனவரியில் வெளிப்படும்வரை, பன்னிரண்டு ஆண்டுகளுக்கு மேலாக அங்கேயே இருந்தது. கேட்கப்படாத வினாக்களும் உண்டு என்பதை அது நினைவூட்டுகின்றது.

வினாவுக்கான தேவையே விபத்தின் பின் உணரப்படுவதும் உண்டு. 2014 பெப்ரவரியில் அப்பிள் நிறுவனத்தின் பாதுகாப்பு நூலகத்தில், தாவுமாறு பணிக்கும் வரியொன்று இருமுறை எழுதப்பட்டிருந்தமை வெளிவந்தது. இரண்டாவது வரி நிபந்தனைக்கு உட்பட்டதுபோல் உள்தள்ளி எழுதப்பட்டிருப்பினும் எப்பொழுதும் நிறைவேறி, கையொப்பச் சோதனையைத் தாண்டச் செய்தது. கண்ணுக்கு ஒரு பொருளும் இலக்கணத்துக்கு வேறு பொருளும் தந்த தொடர் அது. உள்தள்ளல் வாசகரை ஏமாற்றுகின்றது என எச்சரிக்கும் தெரிவு 2016இல் குனூ தொகுப்பானின் ஆறாம் பதிப்பிற் சேர்ந்தது. இவ்வாறு ஒவ்வொரு எச்சரிக்கையும் முன்னைய தலைமுறையொன்றின் துன்பத்தைத் தன்னுள் சேமித்து வைத்துள்ளது. அது உறைந்துபோன கூட்டு அனுபவம். அதனை வாயடைப்பவர் யந்திரத்தை வாயடைப்பதில்லை; தமக்கு முன் உழைத்தோரையே வாயடைக்கின்றார்.

எனவே எச்சரிக்கைகளைத் துப்புரவாக்குதல் என்ற சொல்லே பொருத்தமற்றது. துப்புரவு குப்பைக்குரியது, எச்சரிக்கையோ குப்பையன்று. ஒவ்வொன்றையும் எடுத்து, அது எதனை ஐயுறுகின்றது, அவ்வையம் எந்த யந்திரத்தில், எந்த மொழியில், எந்தப் பயனருக்கு உண்மையாகும் என்று வினவி, நியாயமாயின் எழுத்தைத் திருத்தியும், நியாயமன்றாயின் காரணங்காட்டி விலக்கியும் செல்வதே செயற்பாலது. ஒருநாளில் இவ்வாறு ஐந்து எச்சரிக்கைகளை வாசித்தவர், ஒரு மணிநேரத்தில் ஐந்நூறை அடக்கியவரிலும் பயனுள்ள வேலை செய்தவராவார். அவ்வேலைக்குரிய காலத்தையும் ஊதியத்தையும் மதிப்பையும் கோருவது தொழில்நுட்பப் பிரச்சினை மட்டுமன்று. உழைப்போர் தம் எழுத்தின் மீது தமக்குள்ள பொறுப்பையும் உரிமையையும் கோரும் சமூகப் பிரச்சினையுமாகும்.